அங்கே கடமான், இங்கே நாய், பன்றி: சுட்டால் அடங்குமா?

கொறங்காட்டுக்காரன் (வெள்ளகோவில் பக்கம்)

வணக்கமுங்க. போன வாரம் இரண்டு காட்சிகள் அடுத்தடுத்து என் கண்ணில் பட்டன. இரண்டையும் சேர்த்து யோசித்ததில் தூக்கம் போய்விட்டது. அதனால்தான் இந்த இழை.

முதலாவது ஒரு போட்டோ. என் மச்சினன் ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் இருக்கிறான். லைசென்ஸ் எடுத்துக்கொண்டு அரசுக் காட்டுக்குள் போய் ஒரு கடமானைச் சுட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்து அனுப்பியிருந்தான். நம் ஆனைமலையில் இருக்கிற அதே கடமான்தான். 1860களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். இன்றைக்கு அந்த மலைக்காடு முழுவதும் பெருகிவிட்டது. கொம்பால் மரப்பட்டையை உரித்து மரத்தைச் சாகடிக்கிறது, மலை உச்சியில் இருக்கும் சதுப்பை மிதித்துச் சேறாக்குகிறது என்று சொன்னான். இங்கே சுட்டால் ஜெயில். அங்கே அனுமதியோடு போய்ச் சுட்டு வருகிறார்கள்.

இரண்டாவது, என் பெரியப்பா மகன் பட்டி. விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தபோது படல் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. 11 செம்மறிகள். ஒன்றைக்கூட முழுதாகத் தின்றிருக்கவில்லை. தொடை, மடி, காது என்று கடித்துக் கிழித்துப் போட்டிருந்தன. ஒரு சினை ஆடு உயிரோடு இருந்தது. எழப் பார்க்கிறது, பின்னங்கால் வரவில்லை. கொடாப்புக் கூடைக்குள் கவிழ்த்து வைத்திருந்த குட்டிகள் மட்டும் தப்பித்தன, தாயைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டே இருந்தன. அண்ணன் வாயே திறக்கவில்லை. கிளுவை வேலியோரம் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

அந்த நாய்கள் யாருடையவையும் இல்லை. பள்ளத்துக்குள் சீமைக் கருவேலங்காட்டில் குட்டி போட்டு அங்கேயே வளர்ந்தவை. மனிதன் கை பட்டதே இல்லை. ஆளைப் பார்த்தால் வாலாட்டாது, ஒதுங்கி நின்று முறைக்கும்.

என் கேள்வி இதுதான். புறம்போக்கிலும் காட்டோரத்திலும் இப்படித் தானாகப் பெருகிப்போன விலங்குகளை வேட்டையாடிக் கட்டுப்படுத்துவது சரியா? சரியென்றால் நடக்குமா? மற்ற நாடுகளில் நடந்திருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

இதில் யோசிக்க என்ன இருக்கிறது அண்ணா? துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்துவிட்டால் ஆறு மாதத்தில் முடிந்துவிடும். என் தோப்பில் போன ஆவணியில் 60 தென்னம்பிள்ளை நட்டேன். ஒரே ராத்திரியில் காட்டுப்பன்றிக் கூட்டம் 22 பிள்ளையைத் தோண்டிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போனது. ஊடுபயிராகப் போட்ட மக்காச்சோளத்தை அறுக்கவே இல்லை. மயில் வேறு. நாயோ, பன்றியோ, மயிலோ, எல்லாம் விவசாயி தலையில்தான் விடிகிறது.

மோயாற்றங்கரை (பவானிசாகர்)

தோப்புக்காரரின் வலி புரிகிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். ஒரு விலங்கைப் பற்றிப் பேசுமுன் அது இந்த மண்ணுக்கு யார் என்று பார்க்க வேண்டும்.

காட்டுப்பன்றி நம் காட்டுக்குச் சொந்தக்காரன். புலிக்கும் சிறுத்தைக்கும் இரை. மண்ணைக் கிளறி விதை முளைக்க வழி செய்கிறது. மயிலும் மண்ணுக்குரியதுதான். இவை வயலுக்கு வருவது ஒரு பிரச்சினை, அதற்கு வேறு தீர்வு. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கு ஒரு முறை கொண்டுவந்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ.க்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ. தாண்டினால் வனத்துறைப் பணியாளர்கள் சுடலாம். விவசாயி கையில் துப்பாக்கி தரவில்லை. கேரளத்தில் 2022-லிருந்து உள்ளாட்சித் தலைவருக்கே உத்தரவிடும் அதிகாரம் இருக்கிறது. லைசென்ஸ் வைத்திருப்பவர் சுடுவார், உடலைப் புதைத்துவிட வேண்டும், கறி எடுக்கக் கூடாது.

அயல் விலங்கு என்பது வேறு. வனவிலங்குச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தம்தான் முதன்முறையாக அதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது. இந்தியாவுக்கு உரியதல்லாத, நம் வனவிலங்குக்கோ வாழிடத்துக்கோ கேடு செய்யக்கூடிய இனம் என்பது அதன் சாரம். இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கோடு நாட்டின் எல்லையில் போடப்பட்டிருக்கிறது. இயற்கையின் எல்லை அதுவல்ல. அந்தமானில் புள்ளிமான் கிடையாது. வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை, செந்நாயும் இல்லை. தீவு தீவாக நீந்திப் பரவி, முளைக்கிற கன்றையெல்லாம் மேய்ந்துவிடுகிறது. அந்தக் காட்டுக்கு அது அயல் விலங்குதான். ஆனால் சட்டப்படி இந்திய விலங்கு. அந்தமானிலேயே இன்டர்வியூ தீவில் யானைகள் இருப்பதும் அப்படித்தான். மரம் வெட்டிய ஒரு கம்பெனி 1962-ல் நொடித்துப்போய், வேலைக்கு வைத்திருந்த யானைகளை அங்கேயே விட்டுவிட்டது.

நாய் இந்த இரண்டிலும் சேராது. வளர்ப்பு விலங்கு காடேறிப்போன கதை அது. கால்நடை டாக்டர் இந்தப் பக்கம் வந்தால் அதைச் சொல்லட்டும்.

ஸ்மோக்கி மலையடிவாரம் (சொந்த ஊர் கோபி, இருப்பது டென்னசி)

நான் 14 வருடமாக அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் இருக்கிறேன். பன்றி வேட்டை இங்கே என்ன செய்தது என்பதைக் கண்ணால் பார்த்தவர்களோடு வேலை செய்கிறேன். தோப்புக்கார அண்ணனுக்காகக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவுக்குப் பன்றி சொந்தமே இல்லை. ஸ்பானியர்கள் கொண்டுவந்த வளர்ப்புப் பன்றி தப்பியது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 1912-ல் வட கரோலினாவில் ஹூப்பர் பால்டு என்ற மலை உச்சியில் பணக்காரர்கள் வேட்டையாடுவதற்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றியை இறக்கி வேலி கட்டி வைத்தார்கள். சில வருடங்களில் அவை வேலியைத் தாண்டின. 1940களின் கடைசியில் பக்கத்து ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் நுழைந்துவிட்டன. அந்தப் பூங்காவில் இன்றுவரை பொதுமக்கள் வேட்டைக்கு இடமில்லை. பூங்கா ஊழியர்களே பொறி வைத்தும் சுட்டும் எடுக்கிறார்கள்.

பூங்காவுக்கு வெளியே என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். 1999-ல் டென்னசி மாநிலம் நீங்கள் கேட்பதைத்தான் செய்தது. மாநிலம் முழுக்க யார் வேண்டுமானாலும் பன்றி சுடலாம், எண்ணிக்கைக்கு உச்சவரம்பில்லை. பன்றி குறையும் என்று எல்லோரும் நம்பினார்கள். அடுத்த பத்து வருடத்தில்தான் அது முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் பரவியது. அதுவரை பன்றியே இல்லாத கவுண்டிகளிலெல்லாம் (மாவட்டம் மாதிரி) திடீரென்று கூட்டம் முளைத்தது. காரணம், வேட்டைப் பிரியர்கள் ராத்திரியோடு ராத்திரியாக டிரெய்லரில் ஏற்றிவந்து தங்கள் ஊர்ப் பக்கத்துக் காட்டில் இறக்கிவிட்டதுதான். சுடுவதற்குப் பன்றி வேண்டுமே! 2011-ல் மாநிலமே தன் முடிவைத் திரும்பப் பெற்று, பன்றியை வேட்டை விலங்குப் பட்டியலிலிருந்து நீக்கியது.

மிசூரி மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2016-லிருந்து அதன் வனப்பாதுகாப்புத் துறை நிலங்களில் பன்றி வேட்டைக்கே தடை. பன்றியைக் காப்பாற்ற வந்த தடை என்று நினைக்க வேண்டாம். பன்றியை அடியோடு ஒழிப்பதற்காகத்தான் அந்தத் தடை.

எப்படி என்றால், பன்றி கூட்டமாக வாழும். தாய், மகள், பேத்தி, குட்டிகள் என்று பதினைந்து இருபது இருக்கும். நீங்கள் வரப்பில் நின்று இரண்டைச் சுட்டால் மீதி நாலு திசையில் சிதறும், புது இடத்தில் பெருகும். அதற்கப்புறம் உங்கள் பேட்டரி வெளிச்சம் பட்டாலே ஓடிவிடும், பொறிப் பக்கம் வராது. சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். வருடத்துக்கு பத்தில் ஏழு பன்றியை எடுத்தால்தான் எண்ணிக்கை ஏறாமல் நிற்கும் என்று இங்கே கணக்குச் சொல்கிறார்கள். வார இறுதியில் துப்பாக்கியோடு போகிறவர் அதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது.

என்னோடு வேலை செய்பவரின் பண்ணையில் அரசு ஆட்கள் பொறி வைத்ததைப் பார்த்தேன். வட்டமாகக் கம்பி வலைப் பட்டி. முதலில் கதவே கிடையாது. தினமும் மக்காச்சோளம் கொட்டுகிறார்கள். மரத்தில் ஒரு கேமரா, படம் போனுக்கு வருகிறது. முதல் நாள் மூன்று குட்டி மட்டும் உள்ளே போயின. பெரிய தாய்ப்பன்றி வெளியே நின்று மூக்கைத் தூக்கி மோந்துகொண்டே இருந்தது. எட்டு நாள் காத்திருந்தார்கள். ஒன்பதாம் நாள் கூட்டத்தில் உள்ள 17-ம் உள்ளே இருப்பதை எண்ணிப் பார்த்த பிறகுதான் கதவை இறக்கினார்கள். ஒன்று வெளியே நின்றிருந்தாலும் இறக்கியிருக்க மாட்டார்கள். அவ்வளவு பொறுமை வேண்டியிருக்கிறது.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பத்து வருடம் முன்னால் எங்கள் ஊரில் சிலர் வேலியோரம் நின்று விரட்டி அடித்தார்கள். அடுத்த வருடம் பக்கத்து ஊரில் பன்றி வந்தது. அதை நாங்கள் வெற்றி என்று நினைத்தோம். இப்போது யோசித்தால் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொன்று கேட்கிறேன். அங்கே பொறியில் அடைத்த பிறகு என்ன செய்கிறார்கள்?

ஸ்மோக்கி மலையடிவாரம்

அந்த இடத்திலேயே சுட்டுவிடுகிறார்கள் அண்ணா. உயிரோடு வேறு இடத்துக்குக் கொண்டுபோவதுதான் குற்றம். நம் ஊரில் பன்றி மண்ணுக்குரியது என்பதால் 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடச் சொல்கிறார்கள். பொறி ஒன்றேதான், முடிவு மட்டும் வேறு. கூட்டத்தோடு பிடிப்பது இரண்டுக்கும் பொதுவான வேலை.

கால்நடை டாக்டர் (ஈரோடு மாவட்டம்)

பட்டியில் நடந்ததைப் படித்தேன். முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உயிர் தப்பிய ஆடுகளின் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். உடனே தையல் போட வேண்டாம். வெறிநோய்த் தடுப்பூசி கடித்த நாள், 3, 7, 14, 28-ஆம் நாள் என்று முழுதாகப் போட வேண்டும். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள். கழுவும்போது கையுறை போடுங்கள். நாயின் எச்சில் பட்டிருக்கும்.

கடித்தது எது என்பதிலும் ஒரு குறிப்பு. சிறுத்தையானால் கழுத்தில் இரண்டு ஆழமான பல், ஒரே ஆடு, இழுத்துக்கொண்டு போயிருக்கும். பத்துப் பன்னிரண்டு ஆடு, பின்பக்கம் எல்லாம் கிழிசல், பெரும்பாலும் தின்னாமல் கிடக்கிறது என்றால் அது நாய்க் கூட்டம். இழப்பீடு கேட்கும்போது இந்தப் படங்கள் வேண்டும். பிணக்கூறாய்வுக்கு முன் புதைத்துவிடாதீர்கள். காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்து விவசாயிகள் செத்த ஆட்டை ரோட்டில் கொண்டுவந்து போட்டுப் போராடிய பிறகுதான் நாய் கடித்துச் செத்த கால்நடைக்கும் இழப்பீடு என்ற பேச்சே வந்தது.

இனி கேள்விக்கு வருகிறேன். நாயைச் சுட முடியாது. 2023-ஆம் வருட விதிகள்படி பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். தெருவில் இருக்கும் நாய்க்கு எழுதிய விதி அது. யாரும் சோறு போடாத, ஆட்டையும் மானையும் துரத்தி வாழ்கிற நாயை மறுபடி அதே பள்ளத்தில் விட்டால் அது கருத்தடை செய்த வேட்டை நாய், அவ்வளவுதான். குட்டி போடாது, ஆட்டைக் கடிக்காமலும் இருக்காது. விதியை எழுதுகிறவர்கள் நகரத்தையும், ஆடுமாடு மேய்க்கிற கொறங்காட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நான் வெளிப்படையாகவே சொல்கிறேன். கிராமப் பஞ்சாயத்துக்குக் கருத்தடை மையம் என்பது எட்டாத தூரத்தில் இருக்கிறது என்பதும் உண்மை.

ஆனால் கொறங்காட்டுத் தம்பி, ஒன்று கேட்கிறேன். அந்தப் பள்ளத்தில் நாய் எதைத் தின்று இத்தனை பெருகியது? ஆட்டைத் தின்றா? ஆடு எப்போதாவதுதான் கிடைக்கும். பல்லடத்தைச் சுற்றி இத்தனை கறிக்கோழிப் பண்ணை இருக்கிறது. வெயில் காலத்தில் செத்த கோழியைக் குழியில் போட வேண்டும். எத்தனை பேர் போடுகிறார்கள்? சாக்கில் கட்டி ராத்திரியில் பள்ளத்தில் வீசுகிறார்கள். கோழிக்கடைக் குடலும் இறகும் பாலத்துக்கடியில் கொட்டப்படுகிறது. ஒரு பெட்டை நாய்க்கு இரண்டு மாதச் சினை, ஐந்தாறு குட்டி. தாய்க்கு வயிறு நிறைந்தால் குட்டி அத்தனையும் பிழைக்கும்.

பன்றிக்கும் ஒரு எச்சரிக்கை. 2023 ஜனவரியில் முதுமலையில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. அதற்கு நம்மிடம் தடுப்பூசி இல்லை. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் ஊர்ப் பன்றி வளர்ப்பவர் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் இழப்பார். திருட்டு வேட்டையில் அடித்த கறியை ஊர் ஊராகக் கொண்டுபோனால் நோயும் கூடவே போகும்.

சிங்காநல்லூர் அம்மிணி

நான் கோவையில் தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறவள், கருத்தடைக்குப் பிடித்துக் கொடுக்கிறவள். இந்த இழையைப் படிக்கும்போது என்னைத்தான் திட்டுவீர்கள் என்று நினைத்தேன். அந்தக் குட்டிகள் தாயைக் கூப்பிட்டுக் கத்தியதைப் படித்ததும் அழுதுவிட்டேன்.

ஆனால் சுடு என்று சொல்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். அந்த நாயின் பாட்டி யாரோ வீட்டில் வளர்ந்ததுதான். பெட்டைக் குட்டி வேண்டாம் என்று சாக்கில் போட்டு ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வருகிறோமே, அங்கிருந்துதான் இது தொடங்குகிறது. ராஜபாளையம், ஜெர்மன் ஷெப்பர்ட் என்று வாங்கி, வயசானதும் பைபாஸ் ரோட்டில் இறக்கிவிட்டுப் போகிற காரை நானே பார்த்திருக்கிறேன். விஷம் வைக்காதீர்கள். விஷம் வைத்த கோழியை நாய் மட்டும் தின்னாது.

டாக்டர் சொன்ன மாதிரி, மனிதனோடு ஒட்டாத நாயைப் பிடித்துத் திரும்ப அங்கேயே விடுவது எனக்கும் சரியாகப் படவில்லை. அடைத்து வைத்துப் பராமரிக்க மாவட்டத்துக்கு ஒரு இடம் கேட்கலாம். செலவாகும். செத்த ஆட்டுக்குக் கொடுக்கிற பணமும் செலவுதானே.

மோயாற்றங்கரை

அம்மிணி சொன்ன விஷத்திலிருந்து தொடர்கிறேன். மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், இருக்கின்றன. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் மருந்தால் நாடு முழுக்க அழிந்து, 2006-ல் அந்த மருந்தைத் தடை செய்த பிறகும் தட்டுத் தடுமாறி நிற்கிற இனம் இது. தென்னிந்தியாவில் அவற்றுக்கு மிச்சமிருக்கும் முக்கியமான வீடு இந்தப் பள்ளத்தாக்கு. விஷம் வைத்த ஒரு மாட்டின் உடல் ஒரு கூட்டத்தையே கொன்றுவிடும்.

துப்பாக்கியும் அப்படித்தான். ஈயக் குண்டு உடலுக்குள் பொடிப்பொடியாகச் சிதறும். அதைத் தின்ற பெரும் பிணந்தின்னிப் பறவைகள் கலிஃபோர்னியாவில் ஈய நஞ்சால் செத்தன. அந்த மாநிலம் 2019 ஜூலையிலிருந்து வேட்டையில் ஈயக் குண்டையே தடை செய்துவிட்டது. இங்கே பன்றியைச் சுட்டு உடலைக் காட்டோரம் விட்டால் நம் பாறுகளுக்கு என்னவாகும் என்று யாராவது கேட்க வேண்டும்.

அப்புறம் அவுட்டுக்காய். பன்றிக்கென்று மாவுருண்டையிலோ பழத்திலோ வெடியைப் பொதிந்து வைக்கிறார்கள். யானை எடுத்துக் கடிக்கிறது. வாய் கிழிந்து, நாக்கு சிதைந்து, தின்ன முடியாமல், தண்ணீர் குடிக்க முடியாமல் ஆற்றுக்குள் நின்றுகொண்டே நாள் கணக்கில் சாகிறது. கோயமுத்தூர் வனக்கோட்டத்தில் இப்படிச் செத்த யானைகள் உண்டு. ஒரு தடவை அதை நேரில் பார்த்தவன் நான். இதற்குமேல் எழுத வரவில்லை.

பர்கூர் பட்டி

காடேறிய வளர்ப்பு விலங்கு என்று பேசுகிறபோது அடுத்து எங்கள் மாட்டுக்கு வருவீர்கள் என்று தெரியும். அதனால் இப்போதே சொல்கிறேன்.

பர்கூர் மலைமாடு தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்குள் பட்டி போட்டு மேய்ந்த மாடு. செம்மேனியில் வெள்ளைத் திட்டு, குரல் கேட்டால் திரும்பும். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடு எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டு, பின்னர் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காவுக்கு மட்டும் என்று மாற்றியது. 2024-ல் அந்தியூர்ப் பக்கம் தந்தை பெரியார் சரணாலயம் வந்தது. எங்கள் மேய்ச்சல் உரிமை என்னவாகும் என்று இன்னும் பயந்துகொண்டிருக்கிறோம். ஆள் இல்லாமல் காட்டில் சுற்றும் மாடு வேறு, மேய்ப்பனோடு போய் மேய்ப்பனோடு திரும்பும் மாடு வேறு. ஒரே சொல்லில் அழைக்காதீர்கள்.

கொறங்காட்டுக்காரன்

பர்கூர் அண்ணா, உங்கள் மாட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன். யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதுதான் எனக்கும் கோடாகப் படுகிறது.

எல்லோரும் எழுதியதை அச்செடுத்து வைத்துப் படித்தேன். நானும் கொஞ்சம் தேடினேன். மச்சினனிடமும் பேசினேன். அவன் சொன்ன ஒரு விஷயம் என்னைத் திடுக்கிட வைத்தது. விக்டோரியாவில் கடமானால் காடு கெடுகிறது என்று ஒரு சட்டத்தின் கீழ் 2007-லேயே அதைக் காட்டுக்கு ஆபத்தானவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் 1975-ஆம் வருடத்து இன்னொரு சட்டத்தில் அதே கடமான் வேட்டைக்குரிய பாதுகாக்கப்பட்ட விலங்கு. பொழுதுபோக்கு வேட்டைக்காரர்களுக்கு அது வேண்டும். நியூசிலாந்திலும் இதே சண்டைதான். நம் வரையாட்டைப் போன்ற இமய வரையாட்டை 1904-ல் அங்கே இறக்கினார்கள். 1993-ல் 10,000-க்கு மேல் போகக் கூடாது என்று திட்டம் போட்டார்கள், எண்ணிக்கை அதைத் தாண்டிப் போனது. அரசு குறைக்கப் போனபோது வேட்டைச் சங்கத்தார் 2020-ல் நீதிமன்றம் போனார்கள். நாம் 2024-ல் தமிழ்நாடு முழுக்க மலையேறி எண்ணி 1,031 வரையாடு இருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம்.

இன்னொரு பக்கம், சாதித்தவர்களும் இருக்கிறார்கள். காலாபகஸ் தீவுகளில் 1997 முதல் 2006 வரை 1,40,000-க்கும் மேற்பட்ட காட்டு ஆடுகளை எடுத்திருக்கிறார்கள். அதில் பின்டா என்ற தீவில் 1959-ல் விட்டது மூன்றே ஆடு. மிச்சமிருந்த கடைசி ஆடுகள் பாறை இடுக்கில் ஒளிந்துகொண்டபோது, ஒரு ஆட்டின் கழுத்தில் ரேடியோ கட்டி விட்டிருக்கிறார்கள். ஆடு தனியாக இருக்காது, கூட்டம் தேடிப் போகும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. அது போய்ச் சேர்ந்த இடத்தில் மற்றவற்றைச் சுட்டுவிட்டு, அதை மட்டும் மறுபடி விட்டார்கள். ஆடு வளர்க்கிறவன் நான். படிக்கும்போது நெஞ்சு கனத்தது. ஆனால் காலாபகஸின் ராட்சத ஆமைகளுக்கு மறுபடி புல் கிடைத்தது.

இது எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது நம் இருளர்கள் கதை. அமெரிக்காவில் ஃபுளோரிடா சதுப்பில் பர்மிய மலைப்பாம்பு பெருகிவிட்டது. வீட்டில் வளர்த்தவர்கள் விட்டது. 2013-ல் பரிசு அறிவித்துப் பொதுமக்களை வேட்டைக்கு அழைத்தார்கள். சுமார் 1,600 பேர் வந்தார்கள். ஒரு மாதத்தில் பிடித்தது 68 பாம்பு. 2017 ஜனவரியில் நம் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் இரண்டு பேரையும் அழைத்துப் போனார்கள். முதல் எட்டு நாளில் 13 பாம்பு. துப்பாக்கி இல்லை, பரிசு இல்லை. புல் மடிந்திருப்பதையும், எச்சத்தையும், மண்ணில் தேய்ந்த தடத்தையும் பார்த்துப் பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் ஆனைகட்டி மலையிலும் இருளர்கள் இருக்கிறார்கள். பன்றிக் கூட்டம் எந்தப் பள்ளத்தில் படுக்கிறது, எந்த வழியில் இறங்குகிறது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? வனத்துறை பொறி வைக்கும்போது அவர்களைக் கூலிக்குச் சுமை தூக்க மட்டும் கூப்பிடாமல், தடம் பார்க்கச் சம்பளத்தோடு வைக்க வேண்டும். இதை எங்கே கேட்டாலும் நான் சொல்வேன்.

என் முடிவு இது. ஆசைக்கு வேட்டையாடுகிறவன் கையில் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. அவனுக்கு அடுத்த வருடமும் விலங்கு வேண்டும். எடுப்பதென்றால் கூட்டத்தோடு, சம்பளத்துக்கு, பொறுப்புள்ள ஆட்கள் எடுக்க வேண்டும். அதற்கு முன் தீனியை நிறுத்த வேண்டும்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் (கோபி)

தம்பிக்கு ஒரு சிறு சேர்க்கை. வேட்டைக்காரன் மனிதனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 2008-ல் கோயம்புத்தூரில்தான் பப்பாளி மாவுப்பூச்சியை நாட்டிலேயே முதலில் கண்டோம். வெளிநாட்டுப் பூச்சி. மரவள்ளி, மல்பெரி, பப்பாளி எல்லாம் வெள்ளையாகப் பூத்துச் செத்தன. பட்டு விவசாயிகள் செடியையே பிடுங்கினார்கள். எவ்வளவு மருந்தடித்தும் நிற்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கடுகிலும் சிறிய ஒரு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, சோதித்து விட்டோம். சில மாதத்தில் தோட்டம் பச்சைக்குத் திரும்பியது. நான் கையால் குப்பியைத் திறந்து விட்டவன். அந்தக் காலை இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் சோதிக்காமல் விட்டால் என்னவாகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் கரும்புத் தேரை சாட்சி. 1935-ல் வண்டைத் தின்னும் என்று விட்டார்கள். வண்டை விட்டுவிட்டு மற்றதெல்லாம் தின்றது. நாய்க்குச் சிறுத்தையை விடலாம் என்று யாராவது பேசினால் இதைச் சொல்லுங்கள்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

எங்கள் பக்கம் நாலு தோப்புக்காரர்கள் சேர்ந்து வனத்துறைக்கு மனு எழுதியிருக்கிறோம். துப்பாக்கி கேட்கவில்லை. கூட்டுப் பொறி இரண்டும், கேமராவும் கேட்டிருக்கிறோம். மக்காச்சோளம் நாங்கள் தருகிறோம் என்று எழுதிவிட்டோம். பள்ளத்து ஓரம் என் எல்லையில் இருக்கிற சீமைக் கருவேலத்தை நானே பொக்லைன் வைத்து எடுக்கிறேன். படுக்க இடமே நாம்தான் கொடுத்திருக்கிறோம்.

கொறங்காட்டுக்காரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அக்டோபர் 2 கிராம சபையில் பேசினோம். கோழிப் பண்ணைக்காரர்கள் ஏழு பேரில் ஐந்து பேர் வந்தார்கள். முதலில் கோபப்பட்டார்கள். பெரியப்பா மகன் எழுந்து நின்று போனில் இருந்த பட்டிப் படத்தைக் கையோடு கை மாற்றிக் காட்டச் சொன்னார். அவர் பேசவே இல்லை. படம் ஒரு சுற்று வந்ததும் சத்தம் அடங்கியது. ஒவ்வொரு பண்ணையிலும் மூடி போட்ட குழி, சுண்ணாம்போடு, மாதக் கடைசிக்குள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் இன்னும் போடவில்லை, போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்மிணி, உங்கள் ஆட்கள் வந்து பள்ளத்தில் கூண்டு வைத்ததில் நேற்றுவரை ஒன்பது நாய் பிடிபட்டிருக்கிறது. பெரிய கறுப்பு நாய் ஒன்றும் இரண்டு பெட்டையும் இன்னும் வெளியே இருக்கின்றன. கூண்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது, உள்ளே போகவில்லை. ஸ்மோக்கித் தம்பி சொன்னபடி கதவைக் கட்டி வைத்துவிட்டு, உள்ளே தீனி மட்டும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பிடித்ததை எங்கே வைப்பது என்பதற்கு ஊராட்சி ஒன்றியத்தில் இன்னும் பதில் வரவில்லை. இப்போதைக்கு ஒரு நண்பரின் பழைய கோழிக் கொட்டகையில் இருக்கின்றன.

அந்தச் சினை ஆடு எழுந்து நின்றது டாக்டர். 28-ஆம் நாள் ஊசி வெள்ளிக்கிழமை.